திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தின் மூன்று ஓவியக்கூடங்கள்: ஒரு நாள் முழுக்கப் பார்ப்பதற்கான வழிகாட்டி

திருவனந்தபுரம் போகிறவர்கள் பத்மநாப சுவாமியைத் தரிசித்து, கோவளத்தில் கால் நனைத்து, பிள்ளைகள் கூட இருந்தால் மிருகக்காட்சி சாலையையும் காட்டிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அந்த மிருகக்காட்சி சாலை இருக்கும் வளாகத்திலேயே மூன்று ஓவியக்கூடங்கள் இருக்கின்றன: 1935-இல் திறந்த ஸ்ரீ சித்ராலயம், சென்னைப் பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியங்களுக்கான கூடம், 2023-இல் திறந்த ராஜா ரவி வர்மா ஓவியக்கூடம். தென்னிந்திய நவீன ஓவியம் எங்கே தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இவ்வளவு கிட்டக்கிட்டப் பார்க்க வாய்ப்புள்ள இடங்கள் அதிகம் இல்லை.

பெரும்பாலானவர்கள் எந்தக் கதவு முதலில் கண்ணில் படுகிறதோ அதில் நுழைந்து, எல்லாப் படத்துக்கும் ஐந்து விநாடி கொடுத்து, கால் வலியோடு வெளியே வருகிறார்கள். இதைவிட நல்ல முறை ஒன்று உண்டு. இந்த மூன்று கூடங்களுக்குள்ளும் ஒரு பழைய சண்டை தொங்குகிறது. இந்திய ஓவியன் எப்படி வரைய வேண்டும் என்ற சண்டை. அது நடந்த வரிசையிலேயே போனால் படங்கள் ஒன்றோடொன்று பேச ஆரம்பிக்கும். இந்த வழிகாட்டி அந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறது.

கிளம்புவதற்கு முன்

திங்கட்கிழமை விடுமுறை. புதன்கிழமை காலையிலும் திறக்க மாட்டார்கள், மதியத்துக்கு மேல்தான். மற்ற நாட்களில் வழக்கமாகக் காலை 10 மணி முதல் மாலை 4.45 வரை. திருவோணம், மகாநவமி, ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாட்களிலும் கதவு அடைத்திருக்கும். நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை, அதனால் முதல் நாளே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். மூன்று கூடங்களில் ஒன்று பராமரிப்புக்காக மூடியிருப்பதும் நடக்கும். டிக்கெட் எடுக்கும்போதே "எது எது திறந்திருக்கிறது?" என்று கேட்டுவிடுங்கள். தமிழில் கேட்டாலே போதும், அந்த ஊரில் புரியும்.

நாகர்கோவிலிலிருந்து ரயிலில் சுமார் ஒன்றரை மணி நேரம். தம்பானூரில் ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. அங்கிருந்து பாளையம் வழியாக மியூசியம் போகும் பஸ்கள் நிறைய உண்டு, ஆட்டோவும் கிடைக்கும். கையில் சின்னக் குறிப்பேடும் பென்சிலும் இருக்கட்டும். கூடங்களுக்குள் படம் எடுக்கப் பொதுவாக விடுவதில்லை. இதைக் குறையாக நினைக்க வேண்டாம். செல்போனைப் பையில் போட்ட பிறகுதான் கண் வேலை செய்யத் தொடங்குகிறது.

சனி, ஞாயிறைத் தவிர்க்க முடிந்தால் நல்லது. பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் மிருகக்காட்சி சாலைக்கு வந்து, மீதி நேரத்துக்கு ஓவியக்கூடத்துக்குள் வரிசையாக நடத்திச் செல்லப்படும். வாய்மேல் விரல் வைத்தபடி கடந்துபோகும் அந்தப் பிள்ளைகளுக்கு அது ஒரு நிழலான நடைபாதை, அவ்வளவுதான். அவர்கள் கடந்துபோகும்வரை ஒரு ஓரமாக நின்றுகொள்ளுங்கள்.

முதலில், கட்டடத்தைச் சுற்றி ஒரு நடை

வளாகத்தின் நடுவே சிவப்பும் மஞ்சளுமாக, கூரை மேல் கூரை அடுக்கி நிற்பது நேப்பியர் மியூசியம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயர் அது. ராபர்ட் சிசோம் வடிவமைத்து 1880-இல் கட்டி முடித்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபமும் இதே சிசோமின் கைவேலைதான். இரண்டையும் பார்த்தவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே குவிமாடங்களை வைத்தவர் இங்கே கேரளத்து மரக் கூரையின் சரிவையும் முகப்பையும் எடுத்துக்கொண்டிருக்கிறார். உள்ளே காற்று தானாகச் சுற்றிவரும்படி கட்டியிருக்கிறார்கள். வெண்கலச் சிலைகளும் தந்த வேலைப்பாடுகளும் அருமையானவை, ஆனால் இன்றைக்கு நம் வேலை ஓவியம். வெளியே ஒரு சுற்று வந்துவிட்டு நகருங்கள். சிலைகளுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

இரண்டாவது, ரவி வர்மா கூடம்: காலை நேரத்தை இதற்கே கொடுங்கள்

சித்ராலயத்தில் பல்லாண்டுகள் இருந்த ரவி வர்மா ஓவியங்கள் இப்போது தனிக்கூடத்தில் இருக்கின்றன. கண் களைப்பதற்கு முன் இங்கே வந்துவிட வேண்டும்.

படங்களைப் பார்க்கும் முன் ஒரு பின்னணி. ரவி வர்மா 1848-இல் கிளிமானூரில் பிறந்தவர். 1862-இல், பதினான்கு வயதில், மாமா ராஜராஜ வர்மா அவரைத் திருவனந்தபுரம் அரண்மனைக்கு அழைத்து வந்தார். ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் காலம். அரண்மனை ஓவியர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர், எண்ணெய் வண்ணம் கையாளத் தெரிந்தவர். பையனுக்குச் சொல்லித்தர அவர் மறுத்துவிட்டாராம். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து தனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்தார் என்பது ரவி வர்மாவின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்லும் கதை. 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தபோது, அவரும் சொல்லித்தரவில்லை, வேலை செய்வதைப் பார்க்க மட்டும் விட்டார். ஆக, ஒளிந்தும் ஓரமாக நின்றும் கற்ற வித்தை இது. 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம், அதே ஆண்டு வியன்னாவிலும் பரிசு.

எண்ணெய் வண்ணத்தில் என்ன அப்படி விசேஷம்? ஆளி விதை எண்ணெயில் குழைத்த வண்ணம் மெதுவாகத்தான் காயும். கன்னத்தின் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் இடத்தை மணிக்கணக்கில் தேய்த்துத் தேய்த்துக் கோடே தெரியாமல் கலக்கலாம். நம் பழைய ஓவியங்களில் உருவத்தைக் கோடு பிடித்துவைத்திருக்கும். இங்கே கோடு கரைந்துபோய், தோலும் துணியும் மட்டும் நிற்கின்றன. அன்று பார்த்தவர்கள் வாயடைத்து நின்றதற்குக் காரணம் அதுதான்.

எல்லாப் படத்தையும் பார்க்க முயல வேண்டாம். இரண்டு மூன்று போதும்.

ஒன்று, 1898-இல் வரைந்த சகுந்தலை. நீங்கள் இதை ஏற்கெனவே எங்கோ பார்த்திருப்பீர்கள், காலண்டரிலோ பாடப் புத்தகத்திலோ. சகுந்தலை தோழியின் தோளில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல ஒரு காலைத் தூக்கியிருக்கிறாள். முள் எதுவும் இல்லை. காளிதாசன் நாடகத்தில் தர்ப்பை நுனி குத்தியதாகச் சொல்லி அவள் தயங்கி நிற்பாள். அந்தச் சாக்கில் பின்னால் திரும்பித் துஷ்யந்தனைத் தேடுகிறாள். துஷ்யந்தன் படத்திலேயே இல்லை. அவனைச் சட்டத்துக்கு வெளியே நிறுத்திவிட்டார் ஓவியர். படம் முழுவதும் ஒரு பக்கமாக நடந்துகொண்டிருக்க, ஒரு முகம் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. முதலில் தள்ளி நின்று அந்த ஓட்டத்தைப் பாருங்கள். அப்புறம் கிட்டப் போய், ஊன்றிய கையில் உண்மையிலேயே உடம்பின் பாரம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நடிப்பதுபோல இருக்கிறது என்று தோன்றினால் நீங்கள் தவறாகப் பார்க்கவில்லை. அவர் காலத்து மேடை நாடகத்தின் சாயல் அவருடைய புராணப் படங்கள் பலவற்றில் உண்டு.

இரண்டு, 1899-ஆம் ஆண்டின் ஹம்ச தமயந்தி. சிவப்புப் புடவையில் சாய்ந்து நிற்கும் தமயந்தி, எதிரே நளனைப் பற்றிச் சொல்லும் அன்னம். இதில் புடவையின் மடிப்புகளுக்கே நேரம் கொடுங்கள். புராணப் பெண் இப்படித்தான் புடவை உடுத்தியிருப்பாள் என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்பிக்கைக்குப் பாதிக் காரணம் இவர்தான். நாடு முழுக்கச் சுற்றி, பலவிதக் கட்டுகளைப் பார்த்து, புராண நாயகிகளுக்கு ஓர் உடையை ஏற்படுத்திக் கொடுத்தார்.

மூன்று, 1893-இல் வரைந்த நாடோடிக் குடும்பம். தரையில் உட்கார்ந்த தாய், பிள்ளைகள், ஒரு தந்தி வாத்தியம். நகை இல்லை, பட்டு இல்லை. அரண்மனைகளுக்காக வரைந்தவர் தெருவையும் பார்த்திருக்கிறார் என்பதற்கு இது சாட்சி. அவருடைய புராணப் படங்களைவிட இதுபோன்ற மனிதர்களும் உருவப்படங்களும்தான் மேல் என்பது என் கட்சி. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அவர் குடும்பத்தாரின் படங்களையும் விட்டுவிட வேண்டாம். தம்பி ராஜராஜ வர்மா (மாமாவின் அதே பெயர்) நிலக்காட்சியில் கெட்டிக்காரர், அண்ணனோடு ஊர் ஊராகப் போய்க் கூடவே வேலை செய்தவர். தங்கை மங்களாபாய் தம்புராட்டி வரைந்த ரவி வர்மாவின் உருவப்படம் தனியாக நின்று பார்க்க வேண்டியது. உலகத்துக்கெல்லாம் முகம் வரைந்தவரை வீட்டிலிருந்த ஒருத்தி எப்படிப் பார்த்தாள் என்று தெரிந்துகொள்ளலாம். அரண்மனைப் பெண்கள் தூரிகை பிடித்துப் பெயர் வாங்குவது அரிதாக இருந்த காலம் அது.

கிட்டப் பார்ப்பது எப்படி?

அச்சுப் படத்தையும் அசலையும் பிரித்தறிய ஒரு சுலபமான வழி: நேரே நிற்காமல் படத்தின் பக்கவாட்டில் போய், சாய்வாகப் பாருங்கள். அசல் எண்ணெய் ஓவியத்தில் நகை, பூ, வெளிச்சம் படும் நுனி ஆகிய இடங்களில் வண்ணம் மேடாக எழுந்திருக்கும். நிழல் பகுதி மெல்லியதாக இருக்கும். பழைய பூச்சில் மயிரிழை வெடிப்புகள் தெரியலாம். கல்லச்சில் (கல்லில் வரைந்து அச்செடுக்கும் லித்தோகிராஃப்) எடுத்த பிரதியில் வண்ணம் சின்னச் சின்னப் புள்ளிகளாகச் சிதறியிருக்கும். எண்ணெய் ஓவியம் போலத் தோன்றுவதற்காக அதன்மேல் வார்னிஷ் பூசுவார்கள், ஆனால் பளபளப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் ரவி வர்மா நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது அச்சு வழியாகத்தான். 1894-இல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். படத்தின் சொந்தக்காரர் மகாராஜாவாக இருந்தாலும், லட்சுமியும் சரஸ்வதியும் சில அணாக்களுக்குப் பூஜை அறைக்கு வந்தார்கள். தமிழ்நாட்டில் கோவில்பட்டி சி. கொண்டைய ராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்து சிவகாசி அச்சடித்த காலண்டர் சாமிகளுக்கு இந்த அச்சுப் படங்கள்தான் முன்னோடி. உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் முருகனுக்கும் இந்தக் கூடத்துக்கும் நேர் உறவு உண்டு.

மூன்றாவது, சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிடுங்கள்

இரண்டு மணி நேரத்துக்கு மேல் படம் பார்த்தால் கண் எதையும் உள்ளே எடுத்துக்கொள்ளாது. வளாகத்திலேயே மர நிழலும் பெஞ்சும் உண்டு. சாயங்காலம் ரயில் ஏறும்போது தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸுக்குப் போகலாம். லாரி பேக்கர் கட்டிய, சுற்றிச் சுற்றி மேலேறும் செங்கல் கோபுரம். காபியைவிடக் கட்டடம் நன்றாக இருக்கும்.

நான்காவது, சித்ராலயம்: எதிர்க்கட்சியின் வாதம்

ஸ்ரீ சித்ராலயத்தை மகாராஜா சித்திரைத் திருநாள் 1935 செப்டம்பர் 25 அன்று திறந்தார். அடுத்த ஆண்டு ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தவரும் இவர்தான். கூடத்தைத் திட்டமிட்டுக் கொடுத்தவர் ஜேம்ஸ் கசின்ஸ். அயர்லாந்துக் கவிஞர். அன்னி பெசன்ட் அழைத்து 1915-இல் அடையாறு வந்து, பிறகு திருவிதாங்கூர் அரசின் கலை ஆலோசகரானவர். வங்காள ஓவியர்களைத் தென்னிந்தியாவுக்கு அறிமுகம் செய்தவர்களில் முக்கியமானவர்.

இங்கேதான் சண்டை வருகிறது. ரவி வர்மா 1906-இல் இறந்தார். மறு ஆண்டே ஆனந்த குமாரசுவாமி அவருடைய ஓவியங்களைக் கடுமையாக விமரிசித்து எழுதினார். கொழும்பில் பிறந்த அந்த அறிஞரின் தந்தை தமிழரான சர் முத்து குமாரசுவாமி. இவை ஐரோப்பியப் பாணியில் எடுத்த நாடகக் காட்சிகள், இந்திய ஆன்மா இவற்றில் இல்லை என்பதுதான் சாரம். சகோதரி நிவேதிதை, கல்கத்தா ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்த ஆங்கிலேயர் ஹேவல் ஆகியோரும் ஏறக்குறைய அதே பக்கம். அவர்கள் கைகாட்டிய இடம் அவனீந்திரநாத் தாகூரின் வங்காளப் பள்ளி. அஜந்தாவையும் முகலாயச் சிற்றோவியத்தையும் மறுபடி கற்றுக்கொண்டு அங்கிருந்து தொடங்க வேண்டும் என்றார்கள் அவர்கள்.

சித்ராலயத்தில் நுழைந்ததும் அந்த வாதத்துக்கான ஆதாரங்களை முதலில் தேடிப் பாருங்கள். அஜந்தா, மத்தியப் பிரதேசத்துப் பாக் குகைகள், இலங்கையின் சிகிரியா, சித்தன்னவாசல் ஆகிய இடங்களின் சுவரோவியப் பிரதிகள், கேரளச் சுவரோவியப் பிரதிகள், முகலாய, ராஜபுத்திரச் சிற்றோவியங்கள். பிரதிதானே என்று ஒதுக்க வேண்டாம். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலுக்குப் போய்க் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், தாமரைக் குளத்தில் பாதி மங்கிப்போய்விட்டது என்று. பிரதி எடுத்த கலைஞர் என்ன பார்த்தார் என்பதுகூட இன்று ஒரு சான்றுதான். இவற்றில் ஒரே ஒரு விஷயத்தைப் பாருங்கள்: தரையில் விழும் நிழல் இல்லை. சில இடங்களில் வண்ணத்திலேயே மேடுபள்ளம் காட்டியிருந்தாலும், உருவத்தைப் பிடித்துவைத்திருப்பது கோடுதான்.

அப்புறம் தஞ்சாவூர் ஓவியங்கள். பலகையில் ஒட்டிய துணிமேல் சுண்ணப்பொடியும் கோந்தும் கலந்து மேடு கட்டி, தங்கத் தகடு ஒட்டி, கல் பதித்தவை. காலையில் பார்த்த ரவி வர்மாவின் நகைகளை இப்போது நினைவுக்குக் கொண்டுவாருங்கள். தஞ்சாவூரில் தங்கம் என்றால் தங்கமே. ரவி வர்மாவில் தங்கம் என்பது மஞ்சள், பழுப்பு, நுனியில் ஒரு சொட்டு வெள்ளை. ஒருவர் பொருளை ஒட்டுகிறார், மற்றவர் ஒளியை ஏமாற்றுகிறார்.

சீன, ஜப்பானிய, திபெத்திய, பாலித் தீவு ஓவியங்களும் இங்கே உண்டு. கசின்ஸ் ஜப்பானில் பேராசிரியராக இருந்தவர், ஆசியா முழுவதும் ஒரே கலைக் குடும்பம் என்று நம்பியவர். ஜப்பானிய ஓவியத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள், அடுத்த அறைக்கு அது தேவைப்படும்.

அடுத்தது வங்காளப் பள்ளி. இவர்களுடைய பிரியமான உத்தி, நீர்வண்ணத்தைப் பூசுவது, காய்ந்ததும் தாளையே தண்ணீரில் நனைப்பது, மறுபடி பூசுவது. ஜப்பானிய ஓவியர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இதில் இருக்கிறது. வண்ணம் தாளுக்குள்ளேயே இறங்கி, எல்லாம் பனிமூட்டத்தில் நிற்பதுபோலத் தெரியும். ரவி வர்மாவின் பளீரென்ற பட்டுக்கு இது நேர் எதிர். சில படங்கள் சோகையாக இருக்கின்றன என்று எனக்குத் தோன்றும். கொள்கை ஜெயித்து, உடம்பு தோற்றுவிட்ட மாதிரி. ரவீந்திரநாத் தாகூர் அப்படியல்ல. அறுபது வயதுக்கு மேல் வரையத் தொடங்கியவர். கையெழுத்துப் பிரதியில் அடித்த இடங்களை உருவங்களாக மாற்றப்போய் ஓவியரானவர். எந்தப் பள்ளியிலும் சேராதவருக்கே உரிய முரட்டுத் துணிச்சல் அவருக்கு உண்டு.

ஜாமினி ராயிடம் நிதானமாக நில்லுங்கள். கல்கத்தாவில் ஐரோப்பிய முறையில் படித்து, உருவப்படம் வரைந்து சம்பாதித்துக்கொண்டிருந்தவர். நடுவயதில் எண்ணெய் வண்ணத்தையே தூக்கி எறிந்துவிட்டு, வங்காளக் கிராமத்துப் பட ஓவியர்களிடம் போனார். புளியங்கொட்டைப் பசை, விளக்குக் கரி, சுண்ணம், மண் வண்ணங்கள். பெரிய நீண்ட கண், ஒரே இழுப்பில் முடியும் கோடு. அந்தக் கோட்டின் தடிமன் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று விரலைக் காற்றில் ஓட்டிப் பாருங்கள். சுலபம் போலத் தெரியும். வீட்டுக்கு வந்து பென்சிலை எடுத்தால் தெரிந்துவிடும்.

ரோரிக் படங்களுக்கு எட்டி நிற்க வேண்டும். ரஷ்யாவில் பிறந்து இமயமலையில் குலு பள்ளத்தாக்கில் குடியேறிய நிக்கோலாஸ் ரோரிக்கின் மலைகள் எண்ணெயில் அல்லாமல் டெம்பராவில், அதாவது முட்டைக்கருவிலோ பசையிலோ குழைத்த வண்ணத்தில் வரைந்தவை. பளபளப்பு கிடையாது, வெளிச்சம் படத்தின் உள்ளிருந்து வருவதுபோல இருக்கும். மகன் ஸ்வெதோஸ்லாவின் படங்களும் இங்கே உண்டு. நடிகை தேவிகா ராணியின் கணவர், கடைசிவரை பெங்களூரில் வாழ்ந்தவர். என் ஓட்டு அப்பாவுக்கு.

ஐந்தாவது, பணிக்கர்: சண்டையிலிருந்து வெளியே போன கதவு

மாலையில், கூட்டம் குறைந்த பிறகு, பணிக்கர் கூடம். இங்கே பெரும்பாலும் ஆளே இருக்காது. நவீன ஓவியம் என்றாலே "நமக்குப் புரியாது" என்று திரும்பிவிடுகிறவர்களின் வசதிக்காகச் சொல்கிறேன்: இதுவரை பார்த்தவற்றை வரிசையாகப் பார்த்திருந்தால், இது புரியும்.

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி. சென்னை ஓவியப் பள்ளியில் தேவிபிரசாத் ராய் சௌதுரியிடம் படித்தவர். மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்த அதே ராய் சௌதுரி, அவனீந்திரநாத்தின் மாணவர். ஆக, வங்காளத்துக் கொடி சென்னை வழியாக இங்கே வந்து சேருகிறது. 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார், 1957-இல் பள்ளியின் முதல்வரானார். படித்துவிட்டு வரும் மாணவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு என்ன செய்வார்கள் என்ற கேள்விக்குப் பதிலாக, 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் நிலம் வாங்கினார்கள்.

கூடத்தில் அவருடைய தொடக்க காலப் படங்களிலிருந்து ஆரம்பியுங்கள். தண்ணீரும் தென்னையுமாக இருக்கும் நிலக்காட்சிகள், பிறகு மனித உருவங்கள் நீண்டும் தட்டையாகியும் போகும் படங்கள். கடைசியாக, 1963-இல் தொடங்கிய 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு வாருங்கள். பழைய தாள் போன்ற பின்னணியில் வரி வரியாக எழுத்துகள், ஜாதகக் கட்டம் போன்ற சதுரங்கள், கணக்குக் குறிகள், ஓரத்தில் ஒரு மீனோ பறவையோ. மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் இதற்கு வித்து என்பார்கள்.

எழுத்தைப் படிக்க முயல வேண்டாம். மலையாளம் போலத் தெரியும், ஆனால் மலையாளிகளாலும் வாசிக்க முடியாது. அது அர்த்தத்துக்காக எழுதியதல்ல, நெருக்கத்துக்காகவும் தாளத்துக்காகவும் எழுதியது. கண்ணை ஒரு மூலையில் வைத்து, வரியோடு ஓடவிட்டு, எங்கே அடர்த்தி கூடுகிறது, எங்கே இடைவெளி விடுகிறார் என்று பாருங்கள். ரவி வர்மாவின் நிழலும் வேண்டாம், வங்காளத்தின் பனிமூட்டமும் வேண்டாம் என்று ஒருவர் முடிவு செய்தால் கையில் என்ன மிஞ்சும்? சோசியர் எழுதும் கட்டமும் ஏட்டு எழுத்தும் மிஞ்சுகின்றன. நம் ஊர்ப் பெட்டிகளில் தூங்கும் ஜாதக நோட்டுகளை இப்படிப் பார்க்கலாம் என்று அவருக்குத் தோன்றியது.

நேரம் மீதி இருந்தால், காலையில் பார்த்த சகுந்தலையிடம் திரும்பிப் போகலாமே என்று ஆசை வரும். டிக்கெட் ஒரு தடவைக்குத்தான் செல்லுமா என்று முன்பே கேட்டு வைத்திருந்தால் நல்லது.

இன்னொரு நாள் கையில் இருந்தால்

கிளிமானூர் அரண்மனை வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். ரவி வர்மா வேலை செய்த கூடம் அங்கே இருக்கிறது, ஆனால் அது குடும்பத்தாரின் இடம், விசாரித்துவிட்டுப் போக வேண்டும். தெற்கே ஊர் திரும்புகிறவர்களுக்கு வழியிலேயே பத்மநாபபுரம் அரண்மனை. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டுக்கு வந்த பிறகும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பது. அதற்கும் திங்கட்கிழமை விடுமுறை, மதியம் ஒரு மணிக்குப் பூட்டி இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். நுழைவாயிலில் செருப்பைக் கழற்ற வேண்டும், தரை வழவழப்பு, வெயில் நாளிலும் காலுக்குச் சுகமாக இருக்கும்.